வால்டர் டல்லைத் தேடி நான்கு நாட்கள்

முதல் நாள்: டாட்டன்ஹாம், நார்தாம்டன்

"பேரே டல்லா, மாமா?" என்றான் மச்சான்.

லண்டன் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. கடிகாரம், பாலம், அரண்மனை, மெழுகுச் சிலை எல்லாம் முடிந்தது. மீதி நாளுக்கு என்ன திட்டம் என்று மனைவியின் தம்பி கேட்டபோது, வால்டர் டல் என்ற ஃபுட்பால் ஆட்டக்காரரைப் பார்க்கப் போகலாம் என்றேன். எந்த கிளப் என்றான். செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்றேன். அப்போ கல்லறைக்கா என்றான். கல்லறையும் கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தான். நல்ல பையன்.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் பக்கத்தில் பந்து உதைக்காத பையனை உடம்பு சரியில்லாதவன் என்றுதான் நினைப்பார்கள். நானும் ஒரு காலத்தில் ஹாஃப் ஆடியவன். கோல் போடுபவன் பேர் ஊருக்குத் தெரியும், கோலியின் பேரும் தெரியும். நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறவனை யாருக்கும் தெரியாது. டல்லும் நார்தாம்டனில் ஹாஃப் ஆடியவர்தான். அந்தப் பாசமும் இந்தப் பயணத்தில் உண்டு.

முதலில் டாட்டன்ஹாம். மச்சான் அர்செனல் ரசிகன். எதிரிக் கோட்டையின் வாசலில் காரை நிறுத்த மாட்டேன் என்று இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான். 2019-இல் திறந்த புது ஸ்டேடியம், தெருவுக்குள் விண்கலம் இறங்கினாற்போல நிற்கிறது. பக்கத்திலேயே நார்தம்பர்லாண்ட் பார்க் சாலை. அங்கே டல்லின் பெயரில் நீல வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதியில்தான் அவர் குடியிருந்தார்.

1908-09 சீசனில் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணிக்கு ஆடி மூன்று கோப்பைகளை வென்றவர் டல். உடனே டாட்டன்ஹாம் அழைத்தது. 1909 கோடையில் அணியோடு அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணம் போனார். செப்டம்பரில் முதல் டிவிஷனில் இறங்கினார். அப்போது ஒரு ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக் கூடாது என்பது விதி. "இப்ப இருக்கறவனுங்களுக்கு அது ஒரு ஷூ லேஸ் காசு" என்றான் மச்சான்.

அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டியோடு அவர்கள் ஊரில் ஆட்டம். கூட்டம் கிட்டத்தட்ட 20,000. அதில் ஒரு பகுதி, கறுப்பு நிறத்தைச் சொல்லி டல்லை வசைபாடத் தொடங்கியது. அதைப் பார்த்த பத்திரிகையாளர், பில்லிங்ஸ்கேட் பேச்சையும் விடக் கீழான பேச்சு என்று எழுதினார். பில்லிங்ஸ்கேட் லண்டனின் மீன் சந்தை. கெட்ட வார்த்தை என்றால் உலகம் முழுக்க மீன்காரர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள், நம் ஊர் மாதிரியே. மைதானத்தில் இருந்த ஃபார்வர்டுகளில் டல்தான் சிறந்தவர் என்றும் அதே செய்தியில் இருக்கிறது.

ஆனால் அதன்பின் டாட்டன்ஹாம் அவரை மெல்ல ரிசர்வ் அணிக்குத் தள்ளிவிட்டது. முதல் அணிக்கு மொத்தமே 10 லீக் ஆட்டம், 2 கோல். ரசிகர்களின் வசைக்குப் பயந்து ஒதுக்கினார்களா, ஆட்டம் போதவில்லை என்று ஒதுக்கினார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. முதலாவது காரணம்தான் என்பது என் கட்சி. நல்லா ஆடுகிற பையனை 'அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்' என்று உட்காரவைப்பது எப்படி என்று நானும் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் நார்தாம்டன். செருப்பு, பூட்ஸ் தைத்தே வளர்ந்த ஊர். கிளப்புக்குச் செல்லப்பெயரே 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்பவர்கள். 1911 அக்டோபரில் டல் இங்கே வந்தார். கூட்டி வந்த மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன்.

"எந்த சாப்மன்? நம்ம சாப்மனா?" மச்சான் காரை ஓரங்கட்டியேவிட்டான். அதே சாப்மன்தான், பின்னால் அர்செனலை அர்செனலாக்கியவர். அந்த நிமிடத்திலிருந்து டல் அவனுக்கும் சொந்தக்காரராகிவிட்டார்.

இங்கே 111 ஆட்டம், 9 கோல். டல் ஆடிய பழைய மைதானத்தை விட்டு 1994-இல் கிளப் சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்கு மாறிவிட்டது. ஸ்டேடியத்துக்குப் போகும் சாலையின் பெயர் வால்டர் டல் வே. வெளியே 1999-இல் வைத்த நினைவுக்கல். இன்று ஆட்டம் இல்லை. காலி கார் பார்க்கில் சீகல் பறவைகள் மட்டும். கல்லில் எழுதியிருப்பதை மச்சான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். மூச்சு நிறுத்தப்பட்டாலும் அந்த வலிமையான இதயம் இன்னும் உரக்கத் துடிக்கிறது என்று முடிகிறது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவனுக்குப் பிடித்திருந்தது.

நகரமன்ற முற்றத்தில் 2017-இல் வைத்த சிலையும் உண்டு. நாங்கள் போவதற்குள் நேரமாகிவிட்டது.

இரண்டாம் நாள்: ஃபோக்ஸ்டன்

விடியற்காலை கிளம்பி தெற்கே கடலோரம். வழியெல்லாம் மழை. அக்கா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சர்வீஸ் நிறுத்தத்தில் காருக்குள்ளேயே சாப்பிட்டோம்.

டல் பிறந்த ஊர் இது, 1888 ஏப்ரல் 28. அப்பா டேனியல் பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். டேனியலின் அப்பா அடிமையாக இருந்தவர். அம்மா ஆலிஸ், பக்கத்துக் கிராமத்து வெள்ளைக்காரப் பெண். வால்டருக்கு ஏழு வயதாகும்போது அம்மா இறந்தார். அப்பா அம்மாவின் உறவுப் பெண் கிளாராவையே மணந்தார், 1897-இல் அப்பாவும் போய்விட்டார். கிளாராவின் கையில் ஒரு வீடு நிறையப் பிள்ளைகள், வருமானம் இல்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்று அவர் விரட்டிவிடவில்லை, வேறு வழியில்லாமல்தான் அனுப்பினார் என்று படிக்கும்போது மனசு கொஞ்சம் ஆறுகிறது. எட்வர்டையும் வால்டரையும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த மெதடிஸ்ட் அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். பெரியவனுக்கு 11, சின்னவனுக்கு 9.

அப்புறம் அண்ணனையும் தம்பியையும் பிரித்தது ஒரு பாட்டுக் கச்சேரி. இல்லத்துக்கு நிதி திரட்டப் பாடகர் குழு ஊர் ஊராகப் போகும். எட்வர்டுக்கு நல்ல குரல். கிளாஸ்கோவில் வார்னக் என்ற குடும்பம் அவன் பாடியதைக் கேட்டுத் தத்தெடுத்துக்கொண்டது. எட்வர்ட் பின்னால் பல் டாக்டர் ஆனார், பிரிட்டனில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். வால்டர் இல்லத்திலேயே தங்கி அச்சுக்கோக்கும் வேலை பழகினார். இல்லத்து அணியில் பந்தும் ஆடினார்.

செரிட்டன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அம்மா அப்பாவின் கல்லைத் தேடி முக்கால் மணி நேரம் நனைந்தோம். அந்தக் கல்லில் வால்டரின் பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உடம்பு அங்கே இல்லை, பெயர் மட்டும் பெற்றோர் காலடியில். மச்சான் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றான்.

மேட்டில் ஊரின் போர் நினைவுச் சின்னத்திலும் அவர் பெயர் இருக்கிறது. அங்கிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில்தான் முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் பிரான்ஸுக்குக் கப்பலேற நடந்து போனார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் 'எட்டைக் குறுக்கு' என்று கட்டளை கொடுப்பார்களாம். பூட்ஸ் வழுக்கிவிடும் இல்லையா. அந்தச் சரிவை மழையில் பார்த்தால் ஏன் என்று புரிகிறது.

டோவர் நகர நினைவுச் சின்னத்திலும், அதையொட்டிய ரிவர் கிராமத்திலும்கூட அவர் பெயர் உண்டு. கல்லறை இல்லாத மனிதருக்கு எத்தனை இடத்தில் பெயர்! ராத்திரி டோவரில் தங்கல். லாட்ஜ் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை, இரண்டு பேரும் சாக்ஸோடு தூங்கினோம்.

மூன்றாம் நாள்: டோவர், கலே, அராஸ்

காலைக் கப்பல். ஒன்றரை மணி நேரம். மேல்தளத்தில் காற்றில் நிற்க முடியாமல் உள்ளே வந்து டீ வாங்கிக்கொண்டு, மச்சானுக்கு மிச்சக் கதையைச் சொன்னேன்.

1914 ஆகஸ்ட்டில் போர் தொடங்கியது. ஆனாலும் ஃபுட்பால் லீக் நிற்கவில்லை. ஊரான் பிள்ளை குண்டடிபட்டுச் சாகிறான், இவர்கள் பந்து உதைக்கிறார்களா என்று பத்திரிகைகளில் ஒரே ஏச்சு. டிசம்பர் 15-ஆம் தேதி ஃபுல்ஹாம் நகரமன்றத்தில் கூட்டம் போட்டு, ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு படைப்பிரிவைத் தொடங்கினார்கள். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17-ஆவது பட்டாலியன். ஃபுட்பால் பட்டாலியன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் டல் சேர்ந்துவிட்டார், நார்தாம்டன் அணியிலிருந்து போன முதல் ஆள்.

1915 நவம்பரில் பிரான்ஸ். அங்கிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஓய்வு என்ற பெயரில் பின்னால் உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருக்கிறது, பையன்கள் அகழியின் பரபரப்பையே விரும்புகிறார்கள் என்று எழுதுகிறார். சில மாதங்களில் அந்தப் பரபரப்பே அவரைச் சாய்த்தது. 1916 வசந்தத்தில் குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கி ஊருக்கு அனுப்பப்பட்டார். தேறி, செப்டம்பரில் மறுபடியும் போனார். சோம் போர்க்களம். வருஷக் கடைசியில் அகழிக் காய்ச்சலோடு திரும்பினார். அதற்குள் சார்ஜென்ட் ஆகியிருந்தார்.

"இதுக்கு மேல வீட்ல இருந்திருக்கலாமே, மாமா."

இருக்கவில்லை. அதிகாரிப் பயிற்சிக்கு ஸ்காட்லாந்து போனார். அன்றைய ராணுவச் சட்டக் கையேடு, கறுப்பர்களோ நிறத்தவர்களோ அதிகாரியாகக் கட்டளை அதிகாரம் செலுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதிகாரிப் பதவிக்கு 'தூய ஐரோப்பிய வம்சம்' வேண்டும். ஆனால் 1917-க்குள் அதிகாரிகள் அவ்வளவு பேர் செத்திருந்தார்கள். மேலதிகாரிகள் டல்லின் வேலையைக் கண்ணால் பார்த்தும் இருந்தார்கள். மே 30-ஆம் தேதி அவர் செகண்ட் லெப்டினென்ட் ஆனார். யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை, பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று இவரைப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பீமண்ட் 1915-லேயே பீரங்கிப் படையில் அதிகாரியாகிவிட்டார். ஐரோப்பிய வம்சமா என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் ஆம் என்று எழுதிக் கொடுத்தே உள்ளே போனார். டல்லின் முகமோ ஆயிரக்கணக்கானோர் கேலரியிலிருந்து பார்த்த முகம். 'முதல்' என்ற பட்டம் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கலேயில் இறங்கியதும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் ரவுண்டானாவில் மச்சான் முருகனைக் கூப்பிட்டான். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஓட்டி அராஸ் வந்து சேர்ந்தோம்.

நினைவிடம் ஊரின் மேற்கே, பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடிவமைத்தவர் லட்யன்ஸ், நம் புதுதில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ். 1932-இல் திறந்தது. 25 அடி உயரம், 380 அடி நீளத்துக்குத் தூண் மண்டபம், உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள். கல்லறை தெரியாதவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 35,000 பேர். எண்ணைப் படிக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. சுவரின் முன் போய் நின்று, தலையைப் பின்னால் சாய்த்தும் மேல் வரிசையைப் படிக்க முடியாமல் போனபோதுதான் என்னவோ செய்தது.

டல் இருப்பது 7-ஆம் பகுதி. மிடில்செக்ஸ் ரெஜிமென்ட். அகரவரிசை இருக்கிறதே, சுலபம் என்று நினைத்தோம். ஒரு பத்தியில் டி எழுத்தைப் பிடித்து மச்சான் விரலால் இறங்கினான். டெய்லர் எத்தனை பேர், தாம்சன் எத்தனை பேர்! டல் இல்லை. இன்னொரு பத்தி. அங்கேயும் இல்லை. இடம் மாறிவிட்டோமோ என்று அடுத்த பகுதிக்குப் போய் வந்தோம். பகுதி சரிதான். ஆள்தான் இல்லை. இருபது நிமிடம் ஆகிவிட்டது. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இவங்கல்லாம் யாரு? பிரைவேட்னு போட்டிருக்கு."

அப்போதுதான் உறைத்தது. பெயர்கள் முதலில் பதவி வரிசை, அதற்குள்தான் அகரவரிசை. நாங்கள் இவ்வளவு நேரமும் அவரைச் சாதாரணச் சிப்பாய்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தோம். அந்த ராணுவச் சட்டக் கையேட்டை எழுதியவர்களைத் தேடச் சொல்லியிருந்தால் அவர்களும் அங்கேதான் தேடியிருப்பார்கள். நான் ஏன் அங்கே தேடினேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அவர் அதிகாரி, அதிகாரி என்று கதை சொல்லிக்கொண்டு வந்தவன் நான்.

லெப்டினென்ட்டுகளுக்குக் கீழே, செகண்ட் லெப்டினென்ட் என்ற தலைப்பின் கீழ் இருந்தார். டல் டபிள்யூ. டி. ஜே. அவ்வளவுதான். ஃபுட்பால் இல்லை, நிறம் இல்லை, பார்படோஸ் இல்லை. சார்ஜென்ட்டும் கார்ப்பரலும் பிரைவேட்டும் எல்லாம் அவருக்குக் கீழே வருகிறார்கள். யாரோ செருகி வைத்த சின்ன மரச் சிலுவை ஒன்று சுவரடியில் சாய்ந்திருந்தது, நடுவில் சிவப்புப் பாப்பிப் பூ. மச்சான் அதை நிமிர்த்தி வைத்தான்.

இரவு அராஸின் பெரிய சதுக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும். சைவமா அசைவமா என்று விளக்கப் பத்து நிமிடம் ஆனது.

நான்காம் நாள்: ஃபாவ்ரோய், லோங்வால்

அராஸிலிருந்து பாபோம் போகும் நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. பிடுங்கிய கிழங்கைச் சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல் ஜல்லி கொட்டினாற்போல இருக்கும். இந்த நிலத்தில் உழும்போது இன்றும் பழைய குண்டுகள் கிளம்புகின்றன. அவற்றைச் சாலையோரம் எடுத்து வைத்தால் ராணுவம் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

1917 கடைசியில் டல்லின் பட்டாலியன் இத்தாலிக்குப் போனது. இப்போது அவர் இருந்தது 23-ஆவது, அதுவும் ஃபுட்பால் பட்டாலியன்தான். பியாவே ஆறு, கடுங்குளிர், ராத்திரி. 26 பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து எதிரி எல்லைக்குள் போய், ஒருத்தரைக்கூட இழக்காமல் திரும்பினார். ஜெனரல் லாஃபர்ட் அவருடைய துணிச்சலையும் பதறாத நிதானத்தையும் பாராட்டி எழுதினார். ஹாஃப் ஆடுகிறவனுக்கு இந்தப் 'பதறாத' என்ற வார்த்தைதான் பெரிய மெடல்.

1918 மார்ச்சில் மறுபடியும் பிரான்ஸ். 21-ஆம் தேதி ஜெர்மனியின் பெரிய தாக்குதல் தொடங்கியது. பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டே இருந்தது. 25-ஆம் தேதி, இந்த ஃபாவ்ரோய் கிராமத்துப் பக்கம், டல் மேல் குண்டு பாய்ந்தது. முப்பது வயதாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருடைய ஆட்கள் உடலைத் தூக்கி வர முயன்றார்கள். அதில் டாம் பில்லிங்ஹாம் என்பவர் லெஸ்டர் கிளப்புக்கு கோலியாக இருந்தவர். ஜெர்மானியர் நெருங்கிவிட்டதால் விட்டுவிட்டு ஓடவேண்டியதாயிற்று. கோலிக்குப் பந்து கைக்கு வந்து நழுவினால் எப்படி இருக்கும் என்று தெரியும். இது பந்து இல்லை.

சக அதிகாரி ஒருவர் அண்ணன் எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரைத்திருந்தார்கள், அதற்குத் தகுதியானவர், தனிப்பட்ட முறையில் நான் ஒரு நண்பனை இழந்துவிட்டேன் என்று. பதக்கம் மட்டும் வரவே இல்லை. அதைக் கொடுக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கோரிக்கை நடக்கிறது.

ஃபாவ்ரோயில் ஒரு சர்ச், செங்கல் வீடுகள், நாய். பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு; பெயர் தெரியாதவர்களின் கற்களில் 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்று மட்டும் பொறித்திருக்கிறது. ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். எதற்குப் பார்த்தோம் என்று கேட்டால் பதில் இல்லை.

அங்கிருந்து லோங்வால். சோம் போரில் ஃபுட்பால் பட்டாலியன் அடிவாங்கிய டெல்வில் காட்டுக்குப் பக்கத்து ஊர். 17, 23 இரண்டு பட்டாலியன்களுக்குமாக 2010-இல் வைத்த நினைவுக்கல் அங்கே இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வயலை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஃபாவ்ரோய் பக்கம் நான்தான் திருப்பச் சொன்னேன். மண் பாதையில் இறங்கினோம். டிராக்டர்கள் குழப்பிய சேறு. இருபது அடி போனதும் பின்சக்கரம் சுற்றியது, கார் அசையவில்லை.

"இங்கதானா, மாமா?"

"இங்கதான், எங்கேயோ."

அரை மணி நேரம் கழித்துக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்த பெரியவர் ஒன்றும் கேட்காமல் இறங்கி, கயிற்றைக் கட்டி, ஒரே இழுப்பில் சாலைக்குக் கொண்டுவந்து விட்டார். பணம் நீட்டினேன், கையை ஆட்டிவிட்டார். ஆங்கிலேயரா என்று கேட்டார். மச்சான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இந்தியர்கள் என்றான். பெரியவர் வடக்கே கையைக் காட்டி, "நவ் ஷப்பெல், நவ் ஷப்பெல்" என்றார்.

நவ் ஷப்பெலில் இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் இருக்கிறது. மேற்குப் போர்முனையில் செத்து, கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். நான் கிளம்பும்போது போட்ட பட்டியலில் அந்த ஊர் இல்லை.

மச்சான் ஷூவில் இருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனில் வரைபடம் பார்த்தான்.

"கலே போற வழியிலதான் மாமா. நாளைக்குச் சாயங்காலக் கப்பலுக்கு மாத்திடலாமா?"